முப்பத்து நான்காம் நாள்

வெடிமருந்து கலக்கும் அறைப் பெண்கள் அசமந்தம் ஆகிவிட்டார்கள் என்று போர்மேன் வேலாண்டி நான்கு வருடமாக என்னிடம் புலம்பிக்கொண்டிருந்தார். "முன்னெல்லாம் பயம் இருந்துச்சு சார், கை பறக்கும். இப்ப ஆத்தா பெட்டி வந்ததும் பயம் போச்சு. ஜன்னல் வழியாப் பாருங்க, தூக்கத்துல சல்லடை பிடிச்சவ மாதிரி ஆட்டுறாளுக." அந்தப் பெண்களைக் கேட்டால், நாங்கள் எப்போதும்போலத்தான் வேலை செய்கிறோம், இவருக்குத்தான் கண் கெட்டுவிட்டது என்பார்கள். இருவருக்கும் நடுவில் நான். ஞானதுரை, இந்தப் பட்டாசு ஆலையின் வேதியியலாளன். இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். படித்தவன் கவனிக்க வேண்டியதைக் கவனிக்காமல் விட்டதற்கு இதுதான் முதல் சாட்சி.

அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தவனும் நான்தான். அதற்கு முந்தின வருடம் மருந்து அறை வெடித்து எட்டுப் பெண்கள் செத்தார்கள். வெயில் ஏறுவதற்குள் கலந்து முடிக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பழைய கட்டுப்பாடு. பத்து டிகிரி சூடு கூடினால் வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதைப் பள்ளிக்கூடத்தில் படிக்காத பெண்களும் விடியற்காலையில் வந்து, காலை ஒன்பதுக்கெல்லாம் கையைக் கழுவிவிடுவார்கள். அன்றைக்கு ஒன்பதரை ஆகிவிட்டது. தண்ணீர் எடுக்க வெளியே போன குருவம்மா மட்டும் பிழைத்தார்.

பெட்டி வந்த அன்று அவரிடம்தான் முதலில் விளக்கினேன்.

"ஒவ்வொரு வேதிவினைக்கும் முன்னால ஒரு மேடு இருக்கும்மா. வெடியுப்பும் கந்தகமும் பக்கத்துல பக்கத்துல சும்மா கெடக்குதுல்ல? அந்த மேட்டைத் தாண்ட முடியாமத்தான் கெடக்குது. உரசலோ பொறியோ வந்து தள்ளிவிட்டா தாண்டிரும். தாண்டிட்டா அப்புறம் யாராலயும் நிறுத்த முடியாது."

"இந்தப் பெட்டி என்ன செய்யும்?"

"மேட்டை இன்னும் ஒசத்திரும். பொறி விழுந்தாலும் தாண்டாது."

அறைக்குள் ஒரு தீப்பெட்டியில் இருந்த குச்சி எல்லாவற்றையும் உரசிக் காட்டினேன். ஒன்றுகூடப் பற்றவில்லை. கூடியிருந்த பெண்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் குருவம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு வருடம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று அழ ஆரம்பித்தார். மறுவெள்ளிக்கிழமை பெட்டிக்குக் குங்குமம் வைத்து ஆத்தா பெட்டி என்று பேரும் வைத்துவிட்டார்கள். அது முதல் வெயிலைப் பற்றிக் கவலையில்லாமல் காலை ஏழிலிருந்து மாலை ஐந்து வரை மருந்து கலந்தோம். நான்கு வருடத்தில் ஒரு கொப்புளம்கூட இல்லை. மற்ற ஆலைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

உடம்பும் வேதிவினைதானே, அதற்கு ஒன்றும் ஆகாதா என்று நான் கேட்காமல் இல்லை. உடம்பில் நொதிகள் இருக்கின்றன, அவை மேட்டைக் குடைந்து தாழ்வான வழி போட்டுக் கொடுப்பவை, ஆகையால் பாதிப்பு கிடையாது என்று பெட்டி செய்தவர்களின் அறிக்கை சொன்னது. நானும் நம்பிக் கையெழுத்துப் போட்டேன்.

சங்கரேஸ்வரி, எங்களுக்கெல்லாம் ஈஸ்வரி, வந்து நின்றது போன பிப்ரவரியில். செத்துப்போன எட்டுப் பேரில் ஒருத்தியின் மகள். திரி வெட்டும் பிரிவில் வேலை பார்த்தாள். புருஷன் காளிராஜ் வெல்டர். ஜனவரி பதினேழாம் தேதி மஸ்கட்டுக்கு விமானம் ஏறியவன். கல்யாணமாகி மூன்று வருடம் கழித்து இப்போதுதான் நாள் தள்ளியிருக்கிறது, வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்டாள். நான் பெரிய மனது பண்ணி ஒரு யோசனை சொன்னேன்.

"மருந்து ரூமுக்கு வந்துரும்மா. உக்காந்து எடை போடுற வேலை. மொத்த ஆலையிலயும் பொறி பறக்காத இடம் அது ஒண்ணுதான்."

அவள் அம்மா செத்த அறைதான். ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சரி என்றாள். குருவம்மா அவளுக்கு ஜன்னலோரம் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

அக்டோபர் பத்தாம் தேதி அவளுக்குப் பிரசவ நாள். மாமியார் பேச்சியம்மாள் துணி, ஃபிளாஸ்க் எல்லாம் எடுத்துக்கொண்டு மருமகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டரம்மா அப்போதுதான் முதல் தடவையாக ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை நல்லா இருக்கு, ஆனா எட்டு மாசம்தான் ஆகுது. தேதியை மாத்திச் சொல்லியிருக்கீங்க. பிப்ரவரி கடைசியில உண்டானது இது. நவம்பர் இருபதுக்கு மேல வாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். அந்த அம்மாவுக்குக் காளிராஜ் விமானம் ஏறிய தேதி தெரியாது. பேச்சியம்மாளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வாசலிலேயே விரல் விட்டு எண்ணியிருக்கிறார்.

மறுநாள் காலை ஈஸ்வரி ஒரு பையோடு ஆலை வாசலில் நின்றாள். மாமியார் வெளியே அனுப்பிவிட்டார், குருவம்மா தன் வீட்டில் தங்கச் சொல்லியிருக்கிறார் என்றும், ஆலை எழுதிக் கொடுத்த பேறுகாலக் கடிதத்தில் தேதியை மாற்ற வேண்டும் என்றும் சொன்னாள். என்ன நடந்தது என்று கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னாள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மனதிலும் அந்தக் கேள்வி ஓடியது. முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"நீங்களும் எண்ணுறீங்களா சார்?" என்றாள்.

"இல்லம்மா, வந்து... பிள்ளை பிறந்ததும் ஒரு டெஸ்ட் எடுத்துட்டா, ஊர் வாயை அடைச்சிரலாம்" என்று உளறினேன்.

"டெஸ்ட்ல அவரு பிள்ளைன்னுதான் வரும். அது எனக்குத் தெரியும். ஆனா டெஸ்ட் வந்துதான் என்னை நம்பணும்னா, அதுக்கப்புறம் அந்த வீட்டுல எனக்கு என்ன சார் இருக்கு? பேப்பரைப் பாத்து என்னைச் சேத்துக்கிட்டவனோட காலம்பூரா எப்பிடிக் குடும்பம் நடத்துறது? அவரு வரட்டும். பேப்பர் இல்லாம நம்புனாருன்னா போவேன். இல்லேன்னா நானும் பிள்ளையும் இங்கனயே இருந்துக்கிடுவோம்."

சொல்லும்போது அவள் கண் கலங்கவேயில்லை. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. இந்தப் பெண் பொய் சொல்லவில்லை என்றால், ஸ்கேனும் பொய் சொல்லாது என்றால், மிச்சம் இருப்பது என்ன என்று அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து யோசித்தேன். பெட்டி செய்தவர்களின் அறிக்கை நினைவுக்கு வந்தது. மேட்டைக் குடைந்து வழி போட்டாலும், அதுவும் ஒரு சின்ன மேடுதானே? பெரியதை உயர்த்துகிற பெட்டி சின்னதை மட்டும் சும்மாவா விட்டிருக்கும்? உடனே வேலாண்டியின் நான்கு வருடப் புலம்பல் காதில் விழுந்தது. எழுந்து அவருக்கு ஃபோன் போட்டு, காலையில் ஆலைக்கு வரச் சொன்னேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அறையைக் காலி செய்து வைத்திருந்தோம். பள்ளிக்கூடத்துப் பையன்கள் செய்கிற சோதனைதான். ஒரு தாளில் பேனாவால் பெருக்கல் குறி போட்டு, அதன்மேல் ஃபோட்டோ கழுவுகிற ஹைப்போ உப்பின் கரைசல் இருக்கும் கண்ணாடிக் குவளையை வைத்து, கொஞ்சம் அமிலம் ஊற்ற வேண்டும். கந்தகம் திரிந்து கரைசல் கலங்கும். குறி எத்தனை விநாடியில் மறைகிறது என்று பார்க்க வேண்டும். முதலில் என் ஆய்வகத்தில் செய்து மனதுக்குள் எண்ணினேன், நாற்பது. வேலாண்டியின் செல்ஃபோனிலும் நாற்பது.

செல்ஃபோனோ கடிகாரமோ மருந்து அறைக்குள் போகக் கூடாது. ஆகையால் வேலாண்டியை வெளியே ஜன்னலுக்கு அப்பால், பெட்டியின் வீச்சு முடியும் இடத்தில் போட்டிருந்த கோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, நான் உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் இறங்க வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனேன். அமிலத்தை ஊற்றினேன். வாய்விட்டு எண்ணினேன். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. குறி மறைந்தது. ஒரு வித்தியாசமும் இல்லை. அப்பாடா என்று வெளியே வந்தேன்.

வேலாண்டி செல்ஃபோனை நீட்டினார். "எண்பத்தி ஒண்ணு சார். அது இருக்கட்டும், ஏன் சார் தூங்கி வழிஞ்சுக்கிட்டே எண்ணுனீங்க?"

செல்ஃபோனை வாங்கி நானே பார்த்தேன். கரைசலின் வேகம் பாதியாகக் குறைந்திருந்தது. எண்ணிய மூளையும் பாதியாகக் குறைந்திருந்ததால் எனக்குத் தெரியவில்லை. பத்து மணி நேரம் உள்ளே இருப்பவளின் உடம்பு ஐந்து மணி நேரம்தான் வாழ்கிறது. ஆறு நாள் வேலையில் வாரத்துக்கு ஒன்றேகால் நாள் காணாமல் போகிறது. வயிற்றுப் பிள்ளைக்கும் அதே கணக்கு. வேலாண்டியிடமிருந்து ஒரு தாள் வாங்கிப் பெருக்கிப் பார்த்தேன். அக்டோபர் பத்தாம் தேதி அவள் வயிற்றில் எட்டு மாதம்தான் இருக்க முடியும். டாக்டரம்மா சொன்னது அட்சர சுத்தம்.

நேரே குருவம்மா வீட்டுக்குப் போனேன். ஈஸ்வரியும் இருந்தாள். மேடு, நொதி, குவளை, பெருக்கல் குறி என்று அரை மணி நேரம் நான் படபடவென்று விளக்கினேன். இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஆச்சரியப்படவேயில்லை.

"தெரியும் சார்" என்றார் குருவம்மா.

"என்ன தெரியும்?"

அவர் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். "ஆம்பளைக கிட்ட எப்பிடிச் சொல்றது. எங்களுக்கு மாசா மாசம் வர்றது, பெட்டி வந்ததுல இருந்து முப்பத்தி நாலு நாளைக்கு ஒரு தடவைதான் வருது. எனக்கு மட்டும் இல்ல, ரூம்ல கலக்குற ஆறு பேருக்கும். முதல்ல ஒடம்புக்கு என்னமோன்னு பயந்தோம். தைப் பொங்கல், தீவாளின்னு ஆலை ரொம்ப நாள் லீவு விட்டா பழையபடி சரியா வருது. அப்பமே புரிஞ்சுபோச்சு, பெட்டி எங்களை மெதுவாக்குதுன்னு. ரெண்டு வருசமாத் தெரியும்."

எனக்கு ஆத்திரம் வந்தது. "ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா என்ன பண்ணுவீங்க? பெரிய ஆபீசுக்கு எழுதுவீங்க. அவுக வந்து பெட்டியை நிறுத்திருவாக. மெதுவா இருந்தா என்ன சார், உயிரோட இருக்கோம்ல. அன்னைக்கு எட்டுப் பேரைச் சாக்குல அள்ளுனதை நீங்களும்தான பாத்தீக?" அவர் குரல் இறங்கியது. "ஆனா வயித்துப் பிள்ளைக்கு இப்பிடி ஆகும்னு தோணலை. நாலு நாள் முன்னபின்ன ஆகும்னு நெனச்சோம். இவளை ஜன்னலோரமா உக்கார வெச்சது நான்தான். அந்தப் பாவம் எனக்கு இருக்கு."

"எனக்கும் இருக்கு. இனி ஈஸ்வரி அந்த ரூமுக்குள்ள போக வேண்டாம்" என்றேன். "நாளைக்கே காளிராஜுக்குப் பேசுறேன். எல்லாத்தையும் சொல்லிடறேன்."

"வேண்டாம்" என்றாள் ஈஸ்வரி. "அவருக்குச் சொன்னா அத்தைக்குத் தெரியும். அத்தைக்குத் தெரிஞ்சா தெருவுக்குத் தெரியும். பெட்டி போயிரும். என்னைப் பெத்தவ அந்த ரூம்ல கருகிச் செத்தா சார். எனக்குப் பேரு கெட்டா நான் ஒருத்திதான் கெட்டேன். பெட்டி போனா இவுக ஆறு பேரு." அவள் என் பக்கம் திரும்பினாள். "என் மேல சத்தியமா நீங்க வாயத் திறக்கக் கூடாது."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் நினைத்ததிலும் நியாயம் இருந்தது. எதற்கும் துணிச்சல் இல்லாதவன் செய்வதை நான் செய்தேன். பேசாமல் இருந்தேன்.

பத்து நாள் கழித்து காளிராஜ் வந்துவிட்டான். அவசர விடுப்பில் வந்தவன், வீட்டுக்குப் போய்ப் பையை வைத்துவிட்டு நேராக ஆலைக்கு வந்தான். கூடவே பேச்சியம்மாள். அவர் கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள். மதுரையில் ஏதோ பரிசோதனைக் கூடத்தின் சம்மதப் படிவம். ஈஸ்வரியைக் கூப்பிட்டு அனுப்பினேன். என் அறையில் ஒரு நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். காளிராஜ் உட்காரவில்லை. அவளைப் பார்ப்பதும் தரையைப் பார்ப்பதுமாக இருந்தான். தூங்கிப் பல நாள் ஆனவன் கண்.

பேச்சியம்மாள் கெட்ட மனுஷி இல்லை. மருமகளுக்கு வாந்தி என்றால் இரண்டு பஸ் மாறிப் போய் நார்த்தங்காய் வாங்கி வந்தவர்தான். படிவத்தை மேஜைமேல் வைத்து என் பக்கம் தள்ளினார். "கையெழுத்துப் போடச் சொல்லுங்க சார். எம் பிள்ளை தூங்க மாட்டேங்கிறான். ஒண்ணு தெரிஞ்சுட்டா எல்லாருக்கும் நிம்மதி."

"போட மாட்டேன் அத்தை" என்றாள் ஈஸ்வரி.

காளிராஜ் என்னைப் பார்த்தான். "சார், நீங்க படிச்சவரு. எனக்கு இவளை நம்பணும்னுதான் சார் ஆசை. அங்க இருந்து வர்ற வழியெல்லாம் அதான் ஓடுச்சு. ஆனா எண்ணுனா எண்ணிக்கை ஒத்து வரலையே. நான் போனப்புறம் ஒன்றரை மாசம் கழிச்சு... சொல்லுங்க சார். இப்பிடி நடக்குமா, நடக்காதா?"

ஈஸ்வரி என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தாள். வேண்டாம் என்று.

அந்த ஒரு நிமிடம் போல என் வாழ்க்கையில் இன்னொன்று இல்லை. அப்போது மதியச் சங்கு ஊதியது. வெளியே காலடிச் சத்தம் கேட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு குருவம்மா உள்ளே வந்தார். பின்னால் பாண்டிச்செல்வி, அந்தோணியம்மாள், இன்னும் மூன்று பேர். மருந்து அறையிலிருந்து நேராக வந்திருந்தார்கள். அலுமினியப் பொடி படிந்து கையெல்லாம் வெள்ளி நிறம்.

"காளிராசு, நான் உனக்கு அத்தை முறை வேணும்" என்று ஆரம்பித்தார் குருவம்மா. "எந்தப் பொம்பளையும் ஆம்பளைக்கு முன்னால சொல்லாததை இப்பச் சொல்லப் போறேன். காதைப் பொத்திக்காமக் கேளு. அந்த ரூம்ல வேலை செய்யுற எனக்கு மாசவிலக்கு முப்பத்தி நாலு நாளைக்கு ஒருக்கா வருது."

காளிராஜ் முகம் சிவந்து கதவைப் பார்த்தான். கதவில் இடமில்லை.

"அக்கா, வேண்டாம்" என்று எழுந்தாள் ஈஸ்வரி.

"நீ சும்மா இரு." குருவம்மா நகர்ந்து அடுத்தவளுக்கு இடம் விட்டார்.

"எனக்கும் முப்பத்தி நாலு" என்றாள் பாண்டிச்செல்வி. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தலையை நிமிர்த்தாமல்தான் சொன்னாள், ஆனால் சத்தமாகச் சொன்னாள். அந்தோணியம்மாள் தனக்கு முப்பத்தைந்து என்றார். மற்ற மூன்று பேரும் சொன்னார்கள். சொல்லி முடித்ததும் குருவம்மா பேச்சியம்மாளிடம் திரும்பினார்.

"மதினி, நீங்களும் பிள்ளை பெத்தவுக. ஆறு பொம்பளைக்கும் எப்பிடி ஒண்ணு போல நாள் தள்ளும்? பெட்டி எங்களை மெதுவாக்குது. இவ வயித்துல இருக்கற பிள்ளையையும் அப்பிடித்தான் மெதுவாக்கியிருக்கு. உங்க மருமக மேல ஒரு குத்தமும் இல்ல. மிச்சத்தை சார் சொல்லுவாரு."

நான் சொன்னேன். இந்தத் தடவை வார்த்தைகள் தடங்கலில்லாமல் வந்தன. பேச்சியம்மாள் கேட்டுக்கொண்டே விரல்களை மடக்கி மடக்கி எண்ணினார். கடைசியில் எண்ணுவதை நிறுத்தி அந்தப் படிவத்தை எடுத்து நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். மருமகள் பக்கம் போனார். அவள் தோளில் கை வைத்தபடி நின்றார்.

காளிராஜ் மட்டும் எதையோ யோசித்துக்கொண்டிருந்தான். "சார், ஒண்ணு கேக்கணும்."

"கேளுப்பா."

"நான் போய் ஒன்பது மாசம் ஆச்சு. அப்ப இவளுக்கு?"

மனதுக்குள் கணக்குப் போட்டேன். "இவங்க உடம்புக்கு ஏழரை மாசம்தான் ஆயிருக்கு. நாப்பது நாள் குறைச்சல்."

"ஏழரை மாசம்தானா?" அவன் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது. ஈஸ்வரியின் முன்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தான். "நல்லதாப் போச்சு ஈசு. அங்க எனக்கு ஒவ்வொரு நாளும் போகவே மாட்டேன்னு நின்னுச்சு. நீயும் இங்க அப்பிடித்தானே கெடப்பேன்னு நெனச்சு நெனச்சு அழுவேன். உனக்காச்சும் நாப்பது நாள் குறைஞ்சுதே."

மாமியார் வெளியே அனுப்பியபோது அழாதவள், என் முகத்தில் சந்தேகத்தைப் பார்த்தபோதும் அழாதவள், அப்போது அழுதாள். குருவம்மா எல்லோரையும் வெளியே தள்ளிக்கொண்டு வந்து கதவைச் சாத்தினார். என் அறைதான், என்னையும் சேர்த்துத் தள்ளிவிட்டார்.

அன்று சாயங்காலமே நான் அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினேன். இனி மறைக்க ஒன்றுமில்லை, மறைக்கவும் கூடாது. மூன்றாம் நாள் ஆய்வாளர்கள் வந்தார்கள். ஆராய்ச்சி முடியும்வரை பெட்டியை இயக்கக் கூடாது என்று முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள். எத்தனை மாதம் ஆகும் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார்கள். ஈஸ்வரிக்கு நவம்பர் இருபத்து இரண்டாம் தேதி பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ.

அதற்கு முன்னால், பெட்டி நின்ற மறுநாள் விடியற்காலையில் ஆறு பேரும் வேலைக்கு வந்தார்கள். வெயிலுக்கு முன்னால் கலந்து முடிக்க வேண்டுமே. செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். நானும் செருப்பைக் கழற்றினேன்.

"நீங்க எதுக்கு சார்?" என்றார் குருவம்மா.

"சும்மாதான்."

உள்ளே அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். தாளை விரித்தார்கள். எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. "ரெண்டு வருஷமா வாயைத் திறக்காம இருந்தீங்க. இன்னும் ஒரு மாசம் பொறுத்திருந்தா, பிள்ளை பிறந்ததும் ஈஸ்வரி டெஸ்டுக்குச் சம்மதிச்சாலும் சம்மதிச்சிருப்பா. பெட்டியும் இருந்திருக்கும். ஏன் சொன்னீங்க?"

அவர் சல்லடையைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார். "இவ ஆத்தா சாகுறப்ப நான் வெளிய நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன் சார். ஒண்ணும் செய்ய முடியலை. இது வெறும் வாயத் திறந்து சொல்ற வேலைதானே. இதையும் செய்யாம எப்பிடி இருக்க?"

பிறகு சல்லடையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்ட ஆரம்பித்தார். சாம்பல் நிறப் பொடி தாளில் விழுந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அவர்களுக்கும் பயமாகத்தான் இருந்தது, மூச்சுச் சத்தத்திலேயே தெரிந்தது. வேலை முடியும்வரை நாங்கள் ஏழு பேரும் உள்ளேயே இருந்தோம்.